தூணோரம் கேட்ட கேள்விகள்: பிள்ளையின் மூளை, ஆண்-பெண் வேறுபாடு, வளர்ப்பு

முப்பது வருஷத்துக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு பாபநாசம், வலங்கைமான் பக்கத்து அங்கன்வாடிகளில் தாய்மார் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். பேச்சு இரும்புச்சத்து மாத்திரையில் ஆரம்பித்து முருங்கைக்கீரையில் முடியும். கூட்டம் கலைந்ததும் யாராவது தூணோரம் ஒதுங்கி நின்று, "டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?" என்பார்கள். திரும்பத் திரும்ப அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள். கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே வைத்திருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் இல்லை.

"ஆணா பொண்ணாங்கிறது வயித்துல எத்தனாவது மாசத்துல முடிவாகுது டீச்சர்?"

கரு உண்டாகிற அந்த நொடியிலேயே சீட்டு எடுத்தாயிற்று. தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். தகப்பனின் விந்தணுவில் எக்ஸும் இருக்கலாம், ஒய்யும் இருக்கலாம். எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். எடுத்த சீட்டைப் பிரித்துப் படிக்கத்தான் ஆறேழு வாரம் ஆகிறது. அதுவரை எல்லாக் கருவும் ஒரே அச்சு. இரண்டு பக்கமும் போகக்கூடிய மொட்டுகள் மட்டும் இருக்கும்.

பிறகு ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு வேலையைத் தொடங்குகிறது. 1990-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். இது அந்த மொட்டை விந்தகமாகத் திருப்புகிறது. இது இல்லாத கருவில், வேறு மரபணுக்களின் துணையோடு, அதே மொட்டு சினைப்பையாகிறது. எட்டாவது வாரவாக்கில் விந்தகம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க ஆரம்பிக்கிறது. வெளியே தெரியும் உறுப்புகள் அதற்குப் பிறகுதான் உருவம் எடுக்கின்றன.

"மருமகளுக்கு வரிசையா பொண்ணு. மூணாம் மாசத்துல ஒரு மருந்து குடுத்தா ஆணாயிடும்ங்கிறாங்களே?"

ஆகாது. நாள் தள்ளிப் போனது தெரியும்போதே சீட்டு எடுத்து முடிந்துவிட்டது. அதை எடுத்துக் கொடுத்தது உங்கள் பிள்ளையின் விந்தணு, மருமகளுக்கு அதில் பங்கில்லை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியைக் கர்ப்பிணி வாயில் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதைப் பூச்சிமருந்துக் கேள்வியில் சொல்கிறேன். ஸ்கேனில் பார்த்துச் சொல்லச் சொல்லி நச்சரிக்கவும் வேண்டாம். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

"அப்ப மூளை எப்போ ஆம்பள மூளை, பொம்பள மூளைன்னு பிரியுது?"

"பிரியுது" என்ற சொல் கொஞ்சம் அதிகம், "சாயுது" என்று வைத்துக்கொள்ளுங்கள். நடவு தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. நெல்லுக்குத் தூர் கட்டும் பருவம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் மேலுரம் விழுந்தால் தூர் கூடும். கதிர் வந்த பிறகு மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் ஒரு தூர்கூட அதிகம் வராது. அந்த உரம் அப்போது வேறு வேலை செய்யும். ஹார்மோனும் மூளையிடம் இப்படித்தான் நடந்துகொள்கிறது. 1959-ல் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ், கோய், ஜெரால், யங் என்ற நால்வர் சினையாக இருந்த கினிப் பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபின் இணைசேரும் நடத்தையில் ஆண் பக்கம் சாய்ந்திருந்தன. வளர்ந்த பெண் விலங்குக்கு அதே மருந்தைக் கொடுத்தால் அந்த நிலைத்த மாற்றம் வருவதில்லை. சிறுவயது ஹார்மோன் மூளையின் வரப்பை அமைக்கிறது, பருவ வயது ஹார்மோன் அந்த வரப்புக்குள் தண்ணீர் பாய்ச்சுகிறது என்ற கருத்து அங்கிருந்து வந்ததுதான்.

மனிதரில் ஆண் கருவின் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய 12 முதல் 18 வாரம்வரை உச்சத்தில் இருக்கும். பிறந்து முதல் மூன்று மாதத்தில் இன்னொரு முறை ஏறி, ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். உறுப்புகள் முதலில் உருவாகின்றன, மூளையின் வளர்ச்சி அதற்குப் பிறகும் நெடுநாள் ஓடுகிறது. உடம்புக்கு ஒரு பருவம், மூளைக்கு வேறொரு பருவம். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் சாவி.

வகுப்பில் பிள்ளைகள் நம்ப மறுக்கும் ஒரு விஷயமும் உண்டு. எலியின் மூளையை ஆண் பக்கம் சாய்ப்பது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன், அதாவது நாம் 'பெண் ஹார்மோன்' என்று பெயர் சூட்டியிருக்கும் அதுவே. டெஸ்டோஸ்டிரோன் மூளைக்குள் போய் ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் அங்கே வேலை செய்கிறது. மனிதரில் டெஸ்டோஸ்டிரோனின் நேரடி வேலையே முக்கியம் என்று தெரிகிறது. எலிக்கு நடந்ததெல்லாம் நமக்கும் நடக்கும் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"எங்க மாடு காளையும் கிடாரியுமா ரெட்டைக் கன்னு போட்டுச்சு. அந்தக் கிடாரி சினையே பிடிக்கல. என் மகளுக்கும் ஆணும் பொண்ணுமா ரெட்டைப் பிள்ளை. பயமா இருக்கு."

பயம் வேண்டாம். ஆனால் நீங்கள் பார்த்தது உண்மை. காளைக்கன்றோடு ஒரே வயிற்றில் கிடந்த கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடுதான். மாட்டின் இரட்டைக் கருக்களின் நஞ்சுக்கொடி இரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். காளைக் கருவின் விந்தகம் சுரப்பது கிடாரிக்கும் போய், அதன் சினைப்பை வளராமல் நின்றுவிடும். 1917-லேயே ஃபிராங்க் லில்லி இதை விளக்கிவிட்டார். ஊரில் கோனாருக்கு அதற்கும் முன்பே தெரிந்திருக்கும்!

ஆண்-பெண் மனித இரட்டையருக்கு அப்படி இரத்தம் கலப்பது மிக மிக அபூர்வம். அண்ணனோடு கூடப் பிறந்த பெண் பிள்ளைகளின் நடத்தையில் ஏதாவது வித்தியாசம் உண்டா என்று தேடிப் பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. உங்கள் பேத்திக்குத் தடுப்பூசி போடுவதைப் பற்றிக் கவலைப்படுங்கள், போதும்.

"ஜிலேபி மீனுக்கு ஹார்மோன் குடுத்து எல்லாத்தையும் ஆணாக்குறாங்களாம். சாப்பிட்டா பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?"

பொரிப்பகத்தில் குஞ்சு முதன்முதலாகத் தீனி எடுக்கத் தொடங்கும் மூன்று நான்கு வாரம் மட்டும் ஆண் ஹார்மோன் கலந்த தீனி கொடுக்கும் முறை உலகம் முழுக்க உண்டு. ஆண் மீன் வேகமாகப் பருக்கும் என்பதுதான் காரணம். அரை கிராம்கூட இல்லாத குஞ்சு சாப்பிட்டது, மாதக்கணக்கில் வளர்ந்து சந்தைக்கு வருவதற்குள் உடம்பைவிட்டுப் போய்விடும். எனக்கு இதில் ருசியான சங்கதி வேறு: அந்த முதல் வாரங்களைத் தவறவிட்டுப் பிறகு கொடுத்தால் பலிக்காது. மறுபடியும் தூர் கட்டும் பருவம்தான்.

நம் கரையிலேயே இன்னும் விசித்திரம் இருக்கிறது. நாகப்பட்டினம், கோடியக்கரைப் பக்கம் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு ஆண்-பெண்ணைத் தீர்மானிக்கும் குரோமோசோமே கிடையாது. மணல் சூடேறினால் பெண் குஞ்சு, குளிர்ந்தால் ஆண் குஞ்சு. கொள்ளிடத்து முதலைக்கும் முட்டை கிடக்கும் சூடுதான் கணக்கு. மனிதக் கருவுக்கு இந்த விதி இல்லை. கர்ப்பிணி பப்பாளி தின்றாலும் வெயிலில் நின்றாலும் பிள்ளையின் பால் மாறாது.

"பொறந்து பத்து நாள்தான். ஆம்பளப் பிள்ளைக்கு மாரு வீங்கி பால் மாதிரி வருது. அப்பாயி பிதுக்கி விடணும்ங்கிறாங்க."

கைவைக்க விடாதீர்கள். தாயின் ஹார்மோன் பிள்ளையின் உடம்பில் மிச்சம் இருப்பதால் ஆணோ பெண்ணோ, எந்தப் பிள்ளைக்கும் இப்படி வரலாம். சில வாரத்தில் தானே வற்றும். பிதுக்கினால் சீழ் கட்டும். அறுத்து எடுக்கும்படி ஆன பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் சொட்டு இரத்தம் படுவதும் இதே காரணத்தால்தான். "பொறந்தவுடனே வயசுக்கு வந்துட்டா" என்று பரிகாரம் தேட வேண்டியதில்லை.

அதன்பிறகு முதல் சில மாதம் பிள்ளையின் சொந்த ஹார்மோன் ஒருமுறை ஏறி இறங்கும் என்று மேலே சொன்னேன். அதற்குக் குட்டிப் பருவமடைதல் என்று பெயர். வெளியே ஒன்றும் தெரியாது.

"நாலு வயசுப் பையன் அக்காவோட செப்பு சாமானையே வச்சு விளையாடுறான். அவங்க அப்பா பிடுங்கி எறிஞ்சுட்டாரு. கெட்டுப் போயிடுவானா?"

செப்பு வைத்து விளையாடிய பையன்கள் பலர் கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுத்து வீடு கட்டியிருக்கிறார்கள். அதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.

சராசரியில் பையன்கள் வண்டி, பந்து பக்கமும் பெண் பிள்ளைகள் பொம்மைப் பக்கமும் சாய்வது உண்மை. சிறுவயது நடத்தையில் காணும் ஆண்-பெண் வேறுபாடுகளில் இது பெரியது. இதில் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. கருவிலேயே ஆண் ஹார்மோன் அதிகம் பட்ட பெண் குழந்தைகள் (உப்பு நோய்க் கேள்வியில் வருவார்கள்) வண்டிகளை அதிகம் நாடுவதை 1992-ல் பெரன்பாமும் ஹைன்ஸும் காட்டினார்கள். வேறொரு ஆய்வில் பெற்றோர் அவர்களைப் பொம்மைப் பக்கமே ஊக்கப்படுத்தியதும் தெரிந்தது, அப்படியும் வண்டிதான். 2002-ல் வெர்வெட் குரங்குகளிடம் பொம்மைகளைப் போட்டுப் பார்த்தபோதும் ஆண் குரங்கு பந்திடமும் காரிடமும் கூடுதல் நேரம் செலவிட்டது, பெண் குரங்கு பொம்மையிடமும் சட்டியிடமும். குரங்கு எந்தக் காலத்தில் சமைத்தது, சட்டி எப்படிப் 'பெண் சாமான்' ஆகும் என்று எனக்குச் சிரிப்பு. ஆய்வு செய்பவர்கள் மனதிலும் ஓர் அடுப்படி இருக்கிறது.

வீட்டார் பங்கும் சின்னதல்ல. 2000-இல் வந்த ஓர் ஆய்வில், பதினோரு மாதப் பிள்ளை எவ்வளவு சரிவான பலகையில் தவழும் என்று தாய்மாரைக் கேட்டார்கள். பையனின் அம்மாக்கள் கூட்டிச் சொன்னார்கள், பெண்ணின் அம்மாக்கள் குறைத்துச் சொன்னார்கள். இறக்கிவிட்டுப் பார்த்தால் இருவரும் ஒரே மாதிரி தவழ்ந்தார்கள். எட்டு மாதத்தில் "ஐயோ விழுந்துடுவா" என்று தூக்கிக்கொள்வதும், "ஆம்பளப் புள்ள, விடு" என்று விடுவதும் நம் வீட்டில் நடக்காததா?

இரண்டு மூன்று வயதில் பிள்ளை "நான் பையன்", "நான் பொண்ணு" என்று சொல்லத் தொடங்கும். உடை மாற்றினாலும் அது மாறாது என்று திடமாகப் புரிய ஐந்தாறு வயது ஆகலாம். இடையில் எல்லாவற்றையும் உடுத்திப் பார்க்கும், எல்லாப் பாத்திரமும் நடித்துப் பார்க்கும். செப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

"ஆம்பள மூளை பெருசுதானே? அதனாலதானே கணக்கு நல்லா வருது?"

பெரிது, சராசரியில் பத்து சதவீத அளவுக்கு. ஆணின் உடம்பும்தான் சராசரியில் பெரிது. மூளையின் மொத்த அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் வேறுபாடுகள் சிறியவை. 2015-ல் டாப்னா ஜோயெல் குழுவினர் 1,400-க்கு மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்தார்கள். எல்லாப் பகுதியும் 'ஆண் பக்கம்' அல்லது எல்லாப் பகுதியும் 'பெண் பக்கம்' இருந்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் கதம்பம். இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன்: எல்லா அளவுகளையும் சேர்த்துக் கணினியிடம் கொடுத்தால் இது ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மைதான். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம், அதற்காக மூக்கை மட்டும் காட்டினால் சொல்ல முடியுமா?

பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் திறனில் ஆண்களுக்குச் சராசரி முன்னிலை உண்டு. பயிற்சி கொடுத்தால் அந்தத் திறன் ஆண், பெண் இருவருக்குமே ஏறும். மேகாலயப் பக்கத்தில் காசி மக்களிடம் சொத்து பெண் வழி, அண்டை கார்பி மக்களிடம் ஆண் வழி. 2011-ல் வந்த ஆய்வில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் ஒரு புதிரை அடுக்கக் கொடுத்தார்கள். கார்பி பெண்கள் ஆண்களைவிட அதிக நேரம் எடுத்தார்கள். காசியில் அந்த இடைவெளியே இல்லை. மார்கழியில் இருபத்தொரு புள்ளிச் சிக்குக் கோலத்தைக் கையெடுக்காமல் போடும் பெண்ணுக்குத் திசையறிவு போதாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி சேர்ந்தபோதும் எதிர்ப்புதான். 1912-ல் அவர் டாக்டராக வெளியே வந்தார்.

"பையன் ரெண்டு வயசாகியும் பேசல. ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசுமாம், சரியா?"

பெண் பிள்ளைகள் சராசரியில் ஒன்றிரண்டு மாதம் முன்னால் பேசுவார்கள். அவ்வளவுதான் இடைவெளி, வருஷக்கணக்கில்லை. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள், சொந்தத்தில் கல்யாணம் என்றால் கட்டாயம். நாக்கில் வசம்பு தேய்த்துக் காத்திருக்கும் மாதங்கள் திரும்பி வராது.

"எல்லாம் வளர்ப்புலதான் இருக்கு, பொண்ணா வளத்தா பொண்ணுன்னு ஒரு டாக்டர் சொன்னாராமே?"

ஜான் மணி (John Money) என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னார். 1965-ல் கனடாவின் வின்னிபெக் நகரில் இரட்டை ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். எட்டு மாதத்தில் சுன்னத்து செய்யும்போது மின்கருவியால் ஒருவனின் உறுப்பு கருகிப் போயிற்று. மணியின் யோசனைப்படி அறுவை செய்து, பிரெண்டா என்று பெயர் வைத்துப் பெண்ணாக வளர்த்தார்கள். வெற்றி என்று புத்தகங்களில் எழுதினார்கள். உண்மையில் அந்தப் பிள்ளை கவுனைக் கிழித்தது, நிம்மதியாக ஒரு நாள் இருந்ததில்லை. பதினான்கு வயதில் உண்மையைச் சொன்னதும் டேவிட் ரைமர் என்று ஆணாக மாறினார். 1997-ல்தான் விஷயம் மருத்துவ உலகுக்குத் தெரிந்தது. 2004-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

இடுப்புப் பகுதி உறுப்புகள் சரியாக உருவாகாமல் பிறந்து பெண்ணாக மாற்றி வளர்க்கப்பட்ட 14 ஆண் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2004-ல் வந்தது. எட்டுப் பேர் தங்களை ஆண் என்று சொல்லிவிட்டார்கள், மற்றவர்கள் சொல்லவில்லை. ரைமரைப் போலவே விபத்தில் உறுப்பை இழந்து, ஏழு மாதத்தில் பெண்ணாக மாற்றப்பட்ட இன்னொரு கனடியப் பிள்ளை வளர்ந்த பிறகும் பெண்ணாகவே இருந்தார். மணி சொன்னதும் நிற்கவில்லை, "எல்லாம் ஹார்மோன்" என்பதும் முழுசாக நிற்கவில்லை. யாரைப் பற்றி முடிவெடுத்தார்களோ அந்த ஆளைக் கேட்காமல் எடுத்தார்கள் என்பது மட்டும் எல்லாக் கதையிலும் ஒன்று.

"பொண்ணுதான்னு சொன்னாங்க, ஆனா உறுப்பு வேற மாதிரி இருக்கு. பத்து நாளா வாந்தி, எடை குறையுது. சாமி குத்தமா?"

இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருந்தால் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் செய்ய முடியாமல் ஆண் ஹார்மோனைக் கூட்டிச் சுரக்கும். நான் 'உப்பு நோய்' என்று சொல்வது இதைத்தான், உடம்பில் உப்பு நிற்காமல் போவதால். பெண் குழந்தைக்கு உறுப்பு மாறித் தெரியும். ஆண் குழந்தைக்கு வெளியே ஒன்றும் தெரியாது, ஆகவே அவனுக்குத்தான் ஆபத்து அதிகம். முதல் மூன்று வாரத்துக்குள் வாந்தி, சோர்வு, உடம்பு வற்றல் என்று வந்து உயிர் போகலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். வாழ்நாள் முழுக்க மாத்திரை எடுத்தால் மற்றவர்களைப்போல வாழலாம். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் நிறுத்தக்கூடாது.

தாயும் தகப்பனும் இருவருமே அந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் நம் பக்கத்தில் இருவரும் சுமப்பது அதிகம் நேரும். இதில் சாமி எங்கே வந்தது?

"வண்டி பிடிச்ச பொண்ணு ஆம்பளயாயிடுவாளா" என்றும் கேட்பீர்கள். பெண்ணாக வளர்ந்த இப்படிப்பட்ட 250 பேரைப் பற்றிய தொகுப்பு 2005-ல் வந்தது. ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்குத் தாம் பெண் என்பதில் குழப்பமில்லை. விளையாட்டுச் சாமானில் சாய்வு ஒன்று, தன்னை யார் என்று உணர்வது வேறொன்று. ஒன்றைப் பார்த்து மற்றதைக் கணிக்க முடியாது.

உறுப்பை 'அழகாக்க' உடனே வெட்டச் சொன்னால் நிதானியுங்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஊடுபால் குழந்தைகளுக்கு (ஆண், பெண் என்று தெளிவாகப் பிரியாத உடலமைப்போடு பிறந்தவர்களுக்கு) இப்படிச் செய்வதைத் தடுக்கச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஆணையும் வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர கூடாது.

"பதினாறு வயசாச்சு, சடங்கே ஆகல. ஸ்கேன்ல கர்ப்பப்பை இல்லேங்கிறாங்க. குரோமோசோம் ஆணுதாம். என்ன டீச்சர் இது?"

கர்ப்பப்பை மட்டும் உருவாகாத எக்ஸ்-எக்ஸ் பெண்களும் உண்டு, அது வேறு. நீங்கள் சொல்வதில் ஒய் இருக்கிறது, எஸ்ஆர்ஒய் வேலை செய்தது, விந்தகம் உள்ளே உருவாகி டெஸ்டோஸ்டிரோனும் சுரந்தது. உடம்பின் செல்களுக்கு அதை வாங்கும் பூட்டு இல்லை, சாவி இருந்தும் கதவு திறக்கவில்லை. உடல் பெண்ணாகவே வளர்கிறது. சுரந்தது ஈஸ்ட்ரோஜனாக மாறி மார்பும் வளரும். பிறந்ததிலிருந்து பெண், பெரும்பாலோர் மனதாலும் பெண். எலியைப்போல ஈஸ்ட்ரோஜன்தான் மனித மூளையைச் சாய்க்கும் என்றால் இவர்கள் அப்படி உணர்ந்திருக்க மாட்டார்களே என்று ஆய்வாளர்கள் வாதிடுவது இவர்களை வைத்துத்தான்.

சிறுவயதில் பெண் குழந்தைக்கு இரண்டு தொடையிடுக்கிலும் குடலிறக்கம் வந்திருந்தால் அப்போதே ஒரு தடயம். உங்கள் பெண்ணிடம் உண்மையை, மருத்துவர் துணையோடு, நிதானமாகச் சொல்லுங்கள். "ஆம்பளன்னு சொல்லிட்டாங்க" என்ற ஒரு வரி எவ்வளவு நாசம் செய்யும் என்று நமக்குத் தெரியும். பக்கத்து புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன் 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பால் பரிசோதனை என்று சொல்லி அதைப் பிடுங்கினார்கள், ஊரறிய. அவர் உடம்பு விவரம் நமக்கு எதற்கு? ஓடியது அவர் கால்கள்.

"வயல்ல மருந்து அடிக்கிறோம், பிளாஸ்டிக்ல சுடச்சுட சாப்பாடு. இதுனால பிள்ளையோட ஆண்-பெண் தன்மை மாறுமா?"

கொஞ்சம் கவலைப்பட வேண்டிய கேள்விதான். டிடிடி என்ற பூச்சிமருந்து உடம்பில் சிதைந்து வரும் பொருள் ஆண் ஹார்மோனின் கதவை அடைப்பதை 1995-ல் எலியில் காட்டினார்கள். பிளாஸ்டிக்கை இளக்கும் தாலேட்டுகள் ஆண் எலிக் கருவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கின்றன. உறுப்பில் பாதிப்பு என்பதற்குச் சான்று வலுவாக வருகிறது. "நான் ஆண்", "நான் பெண்" என்ற உணர்வை இவை மாற்றும் என்பது நிறுவப்படவில்லை. பயப்பட வேண்டியது முதலாவதற்கு.

கருப்பையில் பட்டது எவ்வளவு காலம் தூங்கும் என்பதற்கு டிஇஎஸ் என்ற மாத்திரை ஒரு பாடம். கருச்சிதைவைத் தடுக்க என்று 1940-களிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1971-ல் அந்தத் தாய்மாரின் பெண்களுக்கு, பதின்ம வயதிலும் இருபதுகளிலும், அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவது தெரிந்தது. ஆண் பிள்ளைப் பொடிக்கு நான் பயந்தது இதனால்தான். நடைமுறையில் செய்யக்கூடியது: மருந்தடித்த வயலில் கர்ப்பிணி களையெடுக்கப் போக வேண்டாம், வீட்டுக்காரர் மருந்தடித்த சட்டையை அவரே துவைக்கட்டும், சுடுகுழம்பைப் பாலித்தீன் பையில் வாங்காமல் தூக்குச்சட்டி எடுத்துப் போங்கள்.

"கஜா புயலப்ப இவன் வயித்துல. மரமெல்லாம் விழுந்து ராத்திரி பூரா நடுங்கிக்கிட்டு இருந்தேன். அதனாலதான் பொண்ணு மாதிரி நளினமா இருக்கானா?"

1972-ல் இங்கெபோர்க் வார்டு என்ற பெண் ஆய்வாளர் சினை எலிகளை வதைத்துப் பார்த்தார். பிறந்த ஆண் குட்டிகளின் நடத்தை மாறியிருந்தது. நாள்தோறும், திரும்பத் திரும்பக் கொடுத்த வதை அது. மனிதரில் ஒரு ராத்திரிப் பயம் பிள்ளையை நளினமாக்கியதாக எந்த ஆய்வும் நிறுவவில்லை. 2018 நவம்பரில் வேதாரண்யத்திலிருந்து உள்ளே எத்தனை கர்ப்பிணிகள் நடுங்கியிருப்பார்கள், அவர்கள் பிள்ளைகளெல்லாம் ஒரே மாதிரியா இருக்கிறார்கள்? நளினமாக நடக்கும் பையன்கள் கஜாவுக்கு முன்பும் இருந்தார்கள். அவன் நன்றாக ஆடுகிறான் என்றால் ஆட விடுங்கள்.

"என் மூத்தது திருநங்கை. நான் செஞ்ச தப்பு என்னன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர்."

ஒன்றுமில்லை. இதைக் கேட்ட தாய்மாரெல்லாம் அழுதுகொண்டேதான் கேட்டார்கள், ஆகவே விளக்கத்துக்கு முன் பதிலைச் சொல்லிவிட்டேன்.

அறிவியல் இதுவரை தேடியதைச் சொல்கிறேன். 1995-ல் நெதர்லாந்தில் இறந்துபோன ஆறு திருநங்கைகளின் மூளையில் ஒரு சிறு பகுதியைப் பார்த்து, அது பெண்களின் அளவில் இருந்தது என்றார்கள். ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அவர்கள் ஹார்மோனும் எடுத்திருந்தார்கள். அந்தப் பகுதியில் ஆண்-பெண் அளவு வேறுபாடே பெரியவர்கள் ஆன பிறகுதான் தெரிகிறது என்று 2002-ல் இன்னொரு ஆய்வு சொல்லிவிட்டது. ஒரே கரு பிளந்த இரட்டையரில் இருவரும் இப்படி இருப்பது மற்ற இரட்டையரைவிட அதிகம், ஆகவே மரபுக்குப் பங்கு உண்டு. ஒருவர் மட்டும் இருப்பதும் நடக்கிறது, ஆகவே மரபு மட்டும் இல்லை. இன்ன மரபணு, இன்ன ஹார்மோன், இன்ன வளர்ப்பு என்று ஒற்றைக் காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. நீங்கள் சடை பின்னி விட்டதால் வந்தது என்று சொல்லும் நாத்தனாருக்கு ஒரு சான்றும் கிடையாது. சடை பின்னி, பூ வைத்து, போட்டோ எடுத்த ஆண் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உண்டு.

"ஆம்பள ஹார்மோன் ஊசி போட்டா மாறாதா? குணசீலத்துல நாப்பத்தெட்டு நாள் வச்சிருந்தா?"

ஊசியால் மாறாது. கதிர் வந்தபின் போட்ட உரம் தூரைக் கூட்டாது என்றேனே. மீசையும் தாடியும் அடர்ந்து, உள்ளே இருக்கும் ஆள் அப்படியே இருப்பார், வேதனை மட்டும் கூடும். கோயிலுக்குப் போவது உங்கள் நம்பிக்கை, கூட வர அவருக்கு விருப்பமென்றால் போங்கள். நோய் என்று நினைத்து வைத்தால் மட்டும் ஆட்சேபம் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய்ப் பட்டியலில் இதை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று மருத்துவர் யாராவது பணம் கேட்டால், அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்ததை அவருக்கு நினைவூட்டுங்கள்.

"சரி, யார்கிட்ட காட்டுறது? இங்க சொன்னா ஊரே பேசும்."

பச்சிளங் குழந்தை என்றால் தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுக்கு நேரே போங்கள். ஹார்மோன் மருத்துவர் வேண்டுமென்றால் அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். பேச்சு, காது, வளர்ச்சி என்றால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம். பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, எடை எழுதிய அட்டை, சொந்தத்தில் கல்யாணமா என்ற விவரம், முன்பு கைக்குழந்தையாக இறந்த பிள்ளை உண்டா என்பது, இவற்றை மறைக்காமல் கொண்டுபோங்கள். கடைசியில் சொன்னதைத்தான் பெரும்பாலும் மறைக்கிறார்கள், டாக்டருக்கு அதுதான் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஆண், பெண் எழுதுவதற்கு அவசரப்படாதீர்கள், பரிசோதனை முடிவு வரட்டும். யாராவது என்ன பிள்ளை என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில இருக்கு, வந்ததும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.